ராத்திரி பதினோரு மணிக்கு வரும் ஆள்

வேலையை விட்டுப் போய் எட்டு மாசம் ஆன ஒருத்தர் தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீசுக்குள்ளே வந்துட்டுப் போறார். இப்படி ஒரு விஷயம் உங்க கண்ணில் பட்டால் என்ன நினைப்பீங்க? நான் திருட்டுன்னு நினைச்சேன். பி.காம். மூணாம் வருஷம், ஆடிட்டிங் பேப்பரில் நல்ல மார்க், அந்தத் திமிர் வேற. நான் நினைச்சதால் என்ன ஆச்சுன்னு சொல்றதுக்குத்தான் இது. கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். காமர்ஸ் மக்கள் பயப்பட வேண்டாம், எனக்கே புரிஞ்சது உங்களுக்குப் புரியாதா.

போன லீவில் தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் க்ளியரிங் ஆபீசில் 45 நாள் இன்டர்ன்ஷிப். எங்க ஊர் புதியம்புத்தூர். ரெடிமேடுக்குப் பேர் போன ஊர், வீட்டுக்கு ரெண்டு தையல் மெஷின் கடகடன்னு ஓடும். அப்பா கட்டிங் மாஸ்டர். "நீயாவது துணி எண்ணாம பேப்பர் எண்ணு"ன்னு அனுப்பி வச்சார். காலையில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் அதே ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அக்கா இருப்பாங்க. ஓட்டப்பிடாரத்தில் ஏறி வர்றவங்க. (ஆமா, வ.உ.சி. ஊர்தான். அந்த மனுஷன் 1906-ல் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச தூத்துக்குடிக்கு நாங்க பில் ஆஃப் லேடிங் அடிக்கப் போறோம்.) அக்கா டாகுமெண்டேஷன் செக்ஷன். மத்தியானம் அவங்க டிபன் பாக்சில் பாதி எனக்கு வரும். இது கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆபீசில் முப்பது பேர். மெயில் எல்லாம் வெளியே கூகுளிடமோ ஜோஹோவிடமோ இல்லை, ஏசி ரூம் மூலையில் ஒரு பழைய மெஷினில் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2016. மைக்ரோசாஃப்ட் அதுக்கு ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க, ஆனாலும் நம்ம அண்ணாச்சி "ஓடுற வண்டியை எதுக்குல மாத்தணும்"னு சொல்ற ஆள். அந்தத் தொழிலில் மெயில்தான் மூச்சு. ஷிப்பிங் லைன்காரன் புக்கிங் மெயிலில் அனுப்புவான், நாம ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனும், கன்டெய்னர் எடைக் கணக்கும் கட்-ஆஃப் நேரத்துக்குள்ளே அனுப்பணும். எடைக் கணக்கு இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏத்த முடியாது, 2016 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க அதுதான் விதி. நேரம் தாண்டினால் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப் போகும். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாத்துற சரக்குன்னா அங்கேயும் இணைப்பு விட்டுப் போகும்.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது. ஆடிட்டர் ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தார்: வேலையை விட்டுப் போனவங்க யூசர் ஐடி எல்லாம் இன்னும் உயிரோட இருக்கு, மூடணும். சரியான குறிப்பு. பார்ட் டைமாக வரும் சிஸ்டம் அண்ணன் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து ஒரு லிஸ்ட் எடுத்துக் கொடுத்தார். ஆக்டிவ் டைரக்டரின்னா ஆபீசின் மஸ்டர் ரோல் மாதிரி: யார் யார் இருக்காங்க, யாருக்கு எந்தக் கதவு திறக்கும், பாஸ்வேர்ட் சரியான்னு பார்த்துச் சொல்ற இடம். அந்த மஸ்டர் ரோலுக்குக் கீழே வர்ற மொத்த மெஷின்களுக்கும் சேர்த்து டொமைன்னு பேர். நான் சம்பளப் பட்டியலை எடுத்து அந்த லிஸ்டோடு ஒத்துப் பார்த்து, இல்லாதவங்க பேருக்கு நேரா டிக் போடணும். அவ்வளவுதான்.

ஒன்பது பேர் தேறினாங்க. எட்டுப் பேர் கடைசியா உள்ளே வந்தது மாசக்கணக்கு முன்னாடி. ஒன்பதாவது ஆள், முன்னாடி முழுநேரமாக இருந்த சிஸ்டம் இன்சார்ஜ். எட்டு மாசம் முன்னாடி போனவர். அவர் பேருக்கு நேரா கடைசி லாகின்: நேற்று இரவு 11.00. அடுத்த நாள் பார்த்தேன், மறுபடி 11.00. அவர் ஐடிக்கு இருந்த அதிகாரமோ டொமைன் அட்மின், அதாவது ஆபீசில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சது. மோசடி! வெளியே இருந்துகிட்டே தினமும் ராத்திரி நம்ம ஃபைலைத் திருடுறான்! நேரா அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "மூடச் சொல்லு தம்பி"ன்னார். சிஸ்டம் அண்ணன் ரெண்டு க்ளிக்கில் டிஸேபிள் பண்ணினார். அன்னைக்கு பஸ்ஸில் அக்காவிடம் ஒரே பெருமை. "பொழைச்சுக்கிடுவலே நீ"ன்னு சிரிச்சாங்க.

ஒண்ணும் ஆகலை. மறுநாளும் ஒண்ணும் ஆகலை. பதிமூணு நாள் ஒண்ணும் ஆகலை.

பதினாலாவது நாள் மத்தியானம் 12.50-க்கு மெயில் நின்னுபோச்சு. ஒருத்தருக்கும் உள்ளேயும் வரலை, வெளியேயும் போகலை. அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் அக்கா ஒரு வெளிநாட்டு பையருக்கு கன்டெய்னரில் சரக்கு ஏத்தின போட்டோ எல்லாம் பத்துப் பன்னிரண்டு மெயிலாகப் பிரிச்சு அனுப்பியிருந்தாங்க. அது போதாதா? "யாரு கடைசியா பெரிய மெயில் அனுப்பினது?"ன்னு ஒரு குரல். எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பிச்சு. அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பெட்டிக்கு கட்-ஆஃப். போன் போட்டு, சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்பி ஒண்ணைக் காப்பாத்திட்டாங்க. இன்னொண்ணு அடுத்த கப்பலுக்குப் போயிருச்சு. அதன் செலவை யார் தலையில் கட்டுறதுங்கிற பேச்சு அன்னைக்கே ஆரம்பிச்சது. அக்கா பஸ்ஸில் பேசவே இல்லை, ஜன்னல் வழியா கரிசல் காட்டைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க.

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து ஒரு கன்சல்டண்ட் சார் வந்தார். நான் பக்கத்தில் டீ வாங்கிக் கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன்.

எக்ஸ்சேஞ்ச் சர்வர் நம்ம பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. எந்த நடவடிக்கையும் முதலில் ஜர்னலில் எழுதும், அப்புறம்தான் லெட்ஜரில் ஏத்தும். லெட்ஜர்ங்கிறது மெயில் டேட்டாபேஸ். ஜர்னல்ங்கிறது லாக் ஃபைல், ஒவ்வொண்ணும் சரியா 1 எம்பி. லெட்ஜர் எரிஞ்சு போனாலும் பழைய நகலையும் ஜர்னலையும் வச்சுத் திரும்ப எழுதிடலாம். அதனால் முழு பேக்கப் ஒண்ணு ஒழுங்கா முடிஞ்சாதான் பழைய ஜர்னலைக் கிழிச்சுப் போடும். பேக்கப் நடக்கலையா? ஒரு தாளைக் கூடக் கிழிக்காது, அடுக்கிக்கிட்டே போகும். எங்க ஆபீசில் ஒரு நாளைக்கு மூவாயிரம் ஃபைல், அதாவது 3 ஜிபி. லாக் டிரைவில் இருந்த காலி இடம் சுமார் 40 ஜிபி. காமர்ஸ் மாணவர்களே, வகுத்துப் பாருங்க.

பதிமூணு நாள்.

அந்த பேக்கப் வேலை தினமும் ராத்திரி எத்தனை மணிக்கு ஓடும்னு நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பழைய இன்சார்ஜ் அந்த மென்பொருளை நிறுவும்போது "யார் பேரில் ஓடணும்?"னு அது கேட்டிருக்கு. அவர் தன் ஐடியையே கொடுத்துட்டார். மனுஷன் போயிட்டார், அவர் பேரில் ஒரு வேலைக்காரன் மட்டும் எட்டு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு வந்து ஆபீஸ் மெயிலைப் பத்திரமா நகல் எடுத்து வச்சுட்டுப் போயிருக்கான். அவனைத்தான் நான் திருடன்னு பிடிச்சுக் கொடுத்தேன்.

இதில் இன்னொரு கூத்து. பதிமூணு நாளும் பேக்கப் மென்பொருள் "தோல்வி, தோல்வி"ன்னு மெயில் அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்கு. யாருக்கு? பழைய இன்சார்ஜின் பெட்டிக்கு. ஐடியை முடக்கினாலும் பெட்டி இருக்கும், மெயில் போய் விழுந்துக்கிட்டே இருக்கும். படிக்கத்தான் ஆள் இல்லை.

கன்சல்டண்ட் சார் லாக் ஃபைல் ஒண்ணைக் கூடக் கையால் அழிக்க விடலை. சிஸ்டம் அண்ணன் அழிக்கக் கை வைக்கப் போனார், "எந்தப் பக்கம் லெட்ஜரில் ஏறிச்சு, எது ஏறலைன்னு தெரியாம கிழிச்சா அப்புறம் ஆண்டவன்தான்"னு தடுத்தார். டிரைவுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கி, டேட்டாபேஸை ஏத்தினார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சர்வர் வாசலில் காத்துக்கிட்டிருந்த மெயில் எல்லாம் மடை திறந்த மாதிரி வந்து விழுந்தது. ஒண்ணும் தொலையலை. டிரைவ் நிரம்பும்போது ஒழுங்கா மூடிக்கிறதுக்காகவே சர்வர் சில காலி லாக் ஃபைல்களை எப்பவும் ஒதுக்கி வச்சிருக்குமாம். நாம படிக்கிற ரிசர்வ் ஃபண்ட்தான் :)

அப்புறம் அவர் கேட்டார்: "அந்த ஐடியை டிஸேபிள் பண்ணச் சொன்னது யாரு?"

சிஸ்டம் அண்ணன் என்னைப் பார்க்கலை. நான் யாரையும் பார்க்கலை. டீ கிளாசை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்.

அந்த எக்ஸ்சேஞ்ச் கதையை இங்கே கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது எங்க ஆபீஸ் நோய் மட்டும் இல்லை. 1997-ல் வந்த எக்ஸ்சேஞ்ச் 5.5-ல் மொத்த சைட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்தான். அது பாஸ்வேர்டில் யாராவது கை வச்சால் எல்லா மெயில் சர்வரும் சேர்ந்து படுக்கும். எக்ஸ்சேஞ்ச் 2000 வந்தப்போ ஆக்டிவ் டைரக்டரியோடு இணைச்சு, சர்வர் தன் மெஷினோட அடையாளத்திலேயே ஓடும்படி பண்ணிட்டாங்க. மெயில் சர்வருக்குத் தனியா பாஸ்வேர்ட் தேவையில்லாமல் போச்சு. ஆனா அதைச் சுத்தி நிக்கிற ஆட்களுக்குத் தேவை: பேக்கப், ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற மெஷின், மெயிலைப் படிச்சு பில் போடுற மென்பொருள். பிளாக்பெரி போன் ஓஹோன்னு இருந்த காலத்தில் அதோட சர்வரைப் போடுறதுக்கு முன்னாடி தனியா ஒரு அக்கவுண்ட் உண்டாக்கி, எல்லார் பெட்டியிலும் அவங்க பேரிலேயே அனுப்பும் உரிமையை அதுக்குக் கொடுக்கணும். நிறுவுற வேலையில் பாதி அதுதான்.

மெஷின் அடையாளத்தில் ஓடினால் மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு ஆக்டிவ் டைரக்டரியில் அளவுக்கு மீறின அதிகாரம் கொடுத்து வச்சிருந்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு சாதாரண மெயில் பெட்டி வச்சிருக்கிற ஒருத்தர் மொத்த டொமைனுக்கும் ராஜா ஆயிடலாம்னு 2019-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஒருத்தர் காட்டினார். அப்புறம் மைக்ரோசாஃப்ட் அந்த அதிகாரத்தைக் குறைச்சது. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் ஓட்டைகள் வழியா உலகம் முழுக்க பல்லாயிரக்கணக்கான சர்வருக்குள்ளே புகுந்தாங்க.

நம்ம பக்கத்து உதாரணமும் ஒண்ணு இருக்கு. தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வச்சிருக்கிற ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு இந்த ஆக்டிவ் டைரக்டரி கணக்குகளைப் பராமரிக்கவே மென்பொருள் செய்து உலகத்துக்கு விக்குது. அதில் ஒண்ணான ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்ஸில் இருந்த ஓட்டையைத் திருடங்க பயன்படுத்துறாங்கன்னு 2021 செப்டம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ.யே எச்சரிக்கை விட்டுச்சு. நிறுவனம் ஒட்டுப் போட்டுச் சரிசெய்தது. சாவிக்கொத்து வைக்கிற பெட்டிக்குத்தான் திருடனும் முதலில் குறி வைப்பான், இதில் ஆச்சரியம் என்ன.

சரி, ஆபீசுக்கு வருவோம். கன்சல்டண்ட் சார் பழைய ஐடியைத் திரும்பத் திறக்க மாட்டேன்னுட்டார். சிஸ்டம் அண்ணன் "ரெண்டு நிமிஷ வேலை சார், எனேபிள் பண்ணிருவோம்"னார். "போனவர் பாஸ்வேர்ட் அவருக்கு ஞாபகம் இருக்குமே தம்பி"ன்னார் இவர். நியாயம்தானே. நான் சந்தேகப்பட்ட திருட்டு நடக்கலை, ஆனா நடக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

பேக்கப்புக்குன்னு ஒரு புது அக்கவுண்ட். மனுஷப் பேர் கிடையாது, வேலையின் பேர். டொமைன் அட்மின் கிடையாது, அந்த ஒரு மெயில் மெஷினில் மட்டும் அதிகாரம். கீபோர்டு முன்னாடி உட்கார்ந்து அந்தப் பேரில் உள்ளே நுழையவே முடியாது, ரிமோட்டிலும் முடியாது. சர்வீஸாக ஓட மட்டும் உரிமை. செக்கில் ரெண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' எழுதுற மாதிரின்னு எனக்குத் தோணிச்சு. பழையது கையெழுத்துப் போட்ட வெத்துச் செக் புக். பாஸ்வேர்ட் ரொம்ப நீளமா வச்சார். ஏன் அவ்வளவு நீளம்னு கேட்டேன். டொமைனில் இருக்கிற எந்தச் சாதாரண யூசரும், இந்த மாதிரி ஒரு சர்வீஸ் பேரில் பதிவான அக்கவுண்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டு வாங்கலாமாம். அந்த டிக்கெட் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டிலிருந்து செய்த சாவியால் பூட்டப்பட்டது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஆற அமர உடைச்சுப் பார்க்கலாம், சர்வருக்குத் தெரியவே தெரியாது. 2014-ல் ஒரு மாநாட்டில் இதைச் செய்து காட்டின பிறகு உலகமே கத்துக்கிச்சு. பாஸ்வேர்ட் சின்னதுன்னா முடிஞ்சது கதை.

ராத்திரி ரிப்போர்ட் அனுப்புற ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அதுக்கு வேற மாதிரி செய்தார். குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு, விண்டோஸ் சர்வர் 2012-லிருந்து இருக்கு. அதோட பாஸ்வேர்ட் மனுஷனுக்கே தெரியாது. டொமைனே உண்டாக்கி, முப்பது நாளுக்கு ஒருதரம் தானே மாத்திக்கும். (பேக்கப் மென்பொருள் பழசு, அதுக்கு இது ஒத்துவரலை.) ஆனா முதல்தடவை அதுக்கு ஒரு மூலச் சாவி உண்டாக்கிட்டுப் பத்து மணி நேரம் காத்திருக்கணும், எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்னு உறுதியாகுறதுக்காக. சார் ஒரு கமாண்ட் அடிச்சுட்டு, "இனிமே நாளைக்குத்தான்"னு எழுந்தார். அண்ணாச்சி, "சும்மா காத்திருக்கதுக்கும் ஒரு நாள் பீஸா?"ன்னு கேட்டார் பாருங்க, அந்த மூணு நாளில் எல்லாரும் சிரிச்சது அப்போ ஒருதரம்தான்.

நான் சிரிக்கலை. அக்காவும் சிரிக்கலை. மெயில் நின்னதுக்கு போட்டோ காரணம் இல்லைன்னு கன்சல்டண்ட் சார் அண்ணாச்சியிடம் ரூமுக்குள்ளே சொல்லிட்டார். போட்டோ எல்லாம் சேர்த்து 200 எம்பி, டிரைவ் நிரம்பினது 40 ஜிபி. ஆனா ரூமுக்குள்ளே சொன்னது ஹாலுக்கு வரலை. ஹாலில் இன்னும் "பெரிய மெயில் அனுப்பாதீங்கப்பா"ன்னு அக்காவைப் பார்த்துக் கிண்டல். மூணாவது நாள் சாயங்காலம் தாங்கலை. அண்ணாச்சி ரூமுக்குப் போய், "டிக் போட்டது நான்தான், அந்த ராத்திரி லாகின் என்னன்னு கேக்காமலே திருட்டுன்னு சொன்னதும் நான்தான்"னேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசலை. "மூடச் சொன்னது நாந்தானலே"ன்னார். அப்புறம் வெளியே வந்து ஹாலில் நின்னு, அக்கா மேல தப்பு இல்லைன்னு எல்லார் முன்னாடியும் ஒரே வரியில் சொல்லிட்டுப் போனார்.

பஸ்ஸில் அக்காவிடம் நானே எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். "ஒனக்கு எப்பத் தெரியும்?"னு மட்டும் கேட்டாங்க. அந்த சார் வந்த அன்னைக்கேன்னேன். "அப்போ நேத்தும் எங்கூடத்தான சாப்பிட்ட"ன்னாங்க. அதுக்கு மேல அவங்களும் பேசலை, நானும் பேசலை. புதியம்புத்தூர் வந்துச்சு, இறங்கிட்டேன்.

மிச்சம் இருந்த நாளில் எனக்கு வேற வேலை கொடுத்தாங்க: ஆபீசில் யார் யார் பேரில் என்னென்ன ஓடுதுன்னு ஒரு ரெஜிஸ்டர். சர்வீஸ் பட்டியலில் 'லாக் ஆன் அஸ்'னு ஒரு பத்தி இருக்கு, அதை ஒவ்வொரு மெஷினிலும் பார்க்கணும். குறிச்ச நேரத்தில் ஓடுற டாஸ்க் எல்லாத்தையும் பார்க்கணும். பேர், எந்த மெஷின், எதுக்கு, பொறுப்பு யார், தோல்வி மெயில் யாருக்குப் போகும், பாஸ்வேர்ட் கடைசியா மாத்தினது எப்போ. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை மாத்தினாங்கன்னு தடம் இருக்கணும்னு 2023 ஏப்ரல் 1-லிருந்து சட்டமே இருக்கு. சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வச்சிருக்கணும்னு செர்ட்-இன் 2022-லேயே சொல்லியிருக்கு. ஆனா மனுஷனும் மெஷினும் ஒரே பேரில் நடமாடினால் அந்தத் தடத்தை எத்தனை நாள் வச்சிருந்து என்ன பிரயோஜனம்? அதைப் படிச்சுத் தப்பா முடிவெடுத்த ஆள் இதோ எழுதிக்கிட்டு இருக்கேன்.

ரெஜிஸ்டரில் பதினோரு அக்கவுண்ட் தேறிச்சு. எட்டுக்கு விடை கிடைச்சது. மூணு எதுக்குன்னு யாருக்கும் தெரியலை. கன்சல்டண்ட் சார் சொன்ன வழி: ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் முடக்கு, அதுவும் கட்-ஆஃப் இல்லாத நாளாப் பார்த்து. அழிக்காதே. தேதியை எழுதி வை. ஒரு மாசம் வரைக்கும் யாராவது கத்துறாங்களான்னு பாரு. முதல் ரெண்டும் முடக்கி யாரும் கத்தலை. மூணாவதை முடக்குறதுக்குள்ளே என் இன்டர்ன்ஷிப் முடிஞ்சுபோச்சு.

இப்பவும் காலேஜுக்கு அதே பஸ்தான். அக்கா பேசுறாங்க, பழையபடி இல்லை, ஆனா பேசுறாங்க. போன வாரம் மூணாவது அக்கவுண்ட் என்ன ஆச்சுன்னு கேட்டேன். "அப்படியேதான் கெடக்கு. திங்கக்கிழமை ராத்திரி மட்டும் உள்ள வந்துட்டுப் போகுதாம்"னாங்க.